ஜமால் பாயின் அடுப்பும் ஹட்பே கப்பலும்

ஜமால் பாய் இன்று காலை இறந்துவிட்டார்.

மகன் ரஃபீக்தான் போன் செய்தான். "அக்கா, வாப்பா மௌத்தாயிட்டாங்க..." 

எங்கள் தீவில் குட்வில் எஸ்டேட் பக்கம் ரொட்டி வாங்கியவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். பேக்கரி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, கையில் டீ கிளாஸ், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரு வம்பு. தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் முடிப்பார்.

மெஷின் கன்ட்ரோல் சரிசெய்வது என் தொழில். கம்பெனி வேலையை விட்டுத் தனியாக இறங்கியபோது என்னை முதலில் கூப்பிட்டவர் அவர்தான். மற்ற எல்லோரும் மெயின்லேண்டிலிருந்து ஆள் வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

"மெயின்லேண்ட் ஆளு வர்றதுக்குள்ள என் மாவு புளிச்சு ஊத்திரும்மா. நீயே பாரு."

பிரச்சினை அடுப்பு. டீசல் பர்னர் வைத்த பெரிய ஓவன். சூடு ஒரு இடத்தில் நிற்காது. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும்... ஒரு தட்டு கருகும், அடுத்த தட்டு வெளுத்துக் கிடக்கும்.

திறந்து பார்த்தால், பர்னரைக் கூட்டிக் குறைக்கும் பிஐடி கன்ட்ரோலில் நேரக் கணக்கே தப்பு. நொடிக்கு ஒரு முறை சூட்டைப் பார்த்துத் திருத்துவதாக அது நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் நொடிக்குப் பத்து முறை திருத்திக்கொண்டிருந்தது. அந்த அவசரத்தை அடக்குவதற்காக, வந்தவர் போனவரெல்லாம் ட்யூனிங் எண்களை இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருந்தார்கள்.

"நேரத்தைச் சரி பண்ணிடலாம் பாய். ஆனா இந்த நம்பரெல்லாம் தப்பு நேரத்துக்குப் போட்டது. எல்லாத்தையும் புதுசா பாக்கணும். ஒரு நாள் ரொட்டி வீணாகும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"கப்பல் இல்லாத நாளா பாத்து வச்சுக்க" என்றார். அவருடைய ரொட்டியில் பாதி, இன்னொரு தீவில் இருக்கும் ஹட்பேக்குக் கப்பலில் போகும்.

அப்படியே நாள் பார்த்தோம். நேரக் கணக்கைத் திருத்தினேன். நினைத்தபடியே அடுப்பு இன்னும் மோசமானது. கதவைத் திறந்தால் போதும், பர்னர் பாய்ந்து எரியும். அப்புறம் விட்ட சூட்டை எட்டிப் பிடிக்க ஆமை வேகம். முதல் தட்டைப் பிட்டுப் பார்த்த பாய், "வெளிய கிழவன், உள்ள பச்சப்புள்ள" என்றார்.

அப்போதுதான் போன் வந்தது. கப்பலை ஒரு நாள் முன்னால் போட்டுவிட்டார்களாம். நாளைக்கு இல்லை, இன்று மதியம். நம்ம ஊர் கப்பல் ஷெட்யூல்தான் தெரியுமே...

ரஃபீக்குக்கு முகமே செத்துவிட்டது. "பழைய நம்பரையே போட்ருங்க அக்கா. பாதி கருகுனாலும் மீதி தேறும்ல."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ரொட்டி வராவிட்டால் ஹட்பே கடைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பழசைப் போட்டுவிட்டு நான் வெளியே வந்தால், 'அந்தப் பொண்ணு தொட்டுச்சு, கெட்டுப்போச்சு' என்று மதியத்துக்குள் பஜார் முழுக்கப் பேச்சாகிவிடும். அதோடு என் தொழில் முடிந்தது. 

பாய் என்னைத்தான் கேட்டார். "பழசைப் போட்டா அடுப்பு சரியா இருக்குமா, எப்பவும் போல இருக்குமா?"

"எப்பவும் போலதான் பாய்."

"அப்ப எதுக்கு?"

போனை எடுத்தார். யாருக்கு என்கிறீர்கள்? மண்டல் தாதாவுக்கு!

தாதா என்றால் பெங்காலியில் அண்ணன். அவர் இன்னொரு பேக்கரி முதலாளி. அவருடைய மாவு மேஸ்திரியை எந்தக் காலத்திலோ ஜமால் பாய் இழுத்துக்கொண்டார் என்று இருவருக்கும் பேச்சே கிடையாது. ஒரே கப்பல் துறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். "அவன் ரொட்டிய வச்சு பாத்திரம் தேய்க்கலாம்" என்று பாய் சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

"தாதா, ஜமால் போல் ரஹா ஹூன். மேரா பட்டி கராப் ஹை. ஆஜ் ஜஹாஜ் கா பிரெட் ஆப் தே தோ."

என் அடுப்பு கெட்டுவிட்டது, இன்று கப்பல் ரொட்டியை நீங்கள் கொடுங்கள்... அவ்வளவுதான் கேட்டார். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

 அந்தப் பக்கம் தாதா ஏதோ சொல்ல, பாய் சிரித்துவிட்டார். "ரொட்டி அடுக்குற கிரேட் மட்டும் குடுத்து அனுப்பணுமாம். அவன்ட்ட இருக்கறது பத்தாதாம்."

ஜமால் பாய் பெயர் எழுதிய பச்சை கிரேட்டுகளில் மண்டல் தாதா ரொட்டி கப்பலேறியது. மறுநாளே இரண்டு பேரும் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அது வேறு விஷயம்.

அன்று முழுக்க பாய் நாற்காலியை அடுப்புப் பக்கம் போட்டுக்கொண்டு, யாரையும் என்னிடம் பேசவே விடவில்லை. முதலில் பர்னரின் பாய்ச்சலை அடக்கினேன். அப்புறம் அந்த ஆமையைக் கொஞ்சம் கொஞ்சமாக விரட்டினேன். ஒரு எண்ணை மாற்றுவேன், ஒரு தட்டு வேகும், அவர் பிட்டுத் தின்று தீர்ப்புச் சொல்வார்.

"இது ஆட்டுக்கு."

"இதுவும் ஆட்டுக்கு."

"இத மருமகனுக்குக் குடுக்கலாம்."

சாயங்காலம் ஒரு ரொட்டியைப் பிட்டுத் தின்றார். இன்னொரு துண்டு எடுத்தார். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

அதன் பிறகு அந்த அடுப்புக்காக நான் போக வேண்டியே வரவில்லை. ஆனால் பாய் மட்டும் அவ்வப்போது போன் செய்வார்.

"அடுப்பு நல்லாருக்கு. நீ எப்படி இருக்கே?"

இதைக் கேட்க மட்டும் ஒரு போன்... இனி யார் கேட்பார்கள்?

இன்றும் ஹட்பே கப்பல் நாள். ஜனாஸா அடக்கத்துக்குப் போயிருந்தபோது ரஃபீக்கிடம் கப்பல் ரொட்டியைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவனே சொன்னான். "தாதா வந்து கிரேட்ட எடுத்துட்டுப் போயிட்டாருக்கா. நாங்க யாருமே கேக்கல."

மரைன் ஹில்லில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பும் வழியில் கப்பல் துறையில் வண்டியை நிறுத்தினேன். பச்சை கிரேட்டுகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. கடைசி கிரேட் ஏறும்வரை மண்டல் தாதா அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

ரொட்டி கப்பலேறிவிட்டது பாய். போய் வாருங்கள்.