என் வாயில் இன்னொருவர் குரல்

நான் இதுவரை பதினான்கு படங்களில் நடித்திருக்கிறேன். நம்ப மாட்டீர்கள். எங்கள் தெருக்காரர்களே நம்புவதில்லை. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெரு முனை மளிகைக் கடைக்காரர், "எந்தப் படத்துலங்க, எந்த சீன்ல?" என்று அக்கறையாகக் கேட்பார். நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆளுக்குப் பருப்பு நிறுக்கப் போய்விடுவார். போகட்டும். கதாநாயகனைக் கைது செய்ய வரும் நாலு போலீஸ்காரர்களில் இரண்டாவது ஆள் நான். ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து, கண்ணாடியைக் கழற்றி "ஸாரி" சொல்லும் டாக்டர் நான். கல்யாண மண்டபத்தில் "மாப்பிள்ளையக் காணோம்!" என்று ஓடிவரும் சித்தப்பாவும் நான்தான். மூன்று முறை பிணம்.

பிணம் என்றால் சும்மா படுத்துக் கிடப்பது என்று நினைத்துவிட வேண்டாம். மூக்கில் பஞ்சு, முகத்துக்கு நேரே விளக்கு, மேலே விழுந்து அழுகிற அம்மணியின் முழங்கை நம் வயிற்றில். ஷாட் முடிந்ததும் அப்படியே எழுந்து போகவும் முடியாது. கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் எழ வேண்டும். செத்தது பொய் என்று அப்போதே சொல்லிவிட வேண்டுமாம். நான் போன செட்டிலெல்லாம் இதுதான் வழக்கம். சினிமாவில் நான் சிரித்ததெல்லாம் அந்த மூன்று சிரிப்புதான். அதையும் வெட்டிவிட்டார்கள்.

சோறு போடுகிற தொழில் வேறு. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை செய்கிறேன். வண்டிகளுக்குப் போகும் உதிரிபாகங்களை அளந்து பார்த்து, தேறியது ஒரு பக்கம், தேறாதது ஒரு பக்கம் என்று பிரித்துப் போடுவது. நடிப்பும் அங்கேதான் தொடங்கியது. பாதுகாப்பு வாரம் வந்தால் கேன்டீனில் நாடகம் போடுவோம். கையுறை போடாமல் மெஷினில் கைவிடும் தொழிலாளி வேஷம் எனக்கு. ஒன்பது வருடம் தொடர்ந்து வலது கையை இழந்தேன். நான் அலறுகிற அலறலில், கடைசி மேசையில் சாம்பார் ஊற்றுகிறவர் கரண்டியைத் தவறவிடுவார். ஒரு முறை, படப்பிடிப்புக்கு இடம் பார்க்க வந்திருந்த பெங்களூர்க்காரர் ஒருவர் அந்த அலறலைக் கேட்டுவிட்டு என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். அதிலிருந்து கன்னடப் படத்தில் தமிழனாக நடித்தேன். தமிழ்ப் படத்தில் கன்னடக்காரனாக நடித்தேன். தெலுங்குப் படத்தில் எந்த ஊர்க்காரன் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் ரொம்ப நாள் வரை இவற்றில் ஒன்றில்கூட என் குரல் கிடையாது. எங்கள் மாதிரி சில்லறை வேஷக்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. படப்பிடிப்பில் நாங்கள் பேசுவது வாயசைவுக்கு மட்டும். பிறகு ஒரு டப்பிங் கலைஞர் உட்கார்ந்து, போலீஸ்காரர், டாக்டர், சித்தப்பா எல்லோருக்கும் ஒரே மத்தியானத்தில் பேசிக் கொடுத்துவிடுவார். ஒரு வரிக்காக ஓசூரிலிருந்து ஓர் ஆளைச் சென்னைக்கு எதற்கு வரவழைப்பது? எனக்கும் முதலில் அது பெரிதாகப் படவில்லை. முகம் வருகிறதே, போதாதா என்று இருந்தேன். அப்பாவுக்குக் கண் போன பிறகுதான் போதவில்லை.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இளவயதில் லேத் வேலைக்கு ஓசூர் வந்தவர், இங்கேயே ரிடையர் ஆனார். அவருடைய பேச்சு மட்டும் அந்த ஊரை விட்டு வரவே இல்லை. வேலையில் இருந்தவரை என் நாடகம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. எப்போதும் ஏதாவது ஒரு ஷிப்ட் குறுக்கே வரும். "ரிடையர் ஆயிக்கிடுதேன்ல, அப்புறம் ஒக்காந்து எல்லாத்தையும் பாத்திருதேன்" என்பார். ரிடையர் ஆனார். கண்ணில் பிரஷர் என்றார்கள். சொட்டு மருந்து போட்டோம், ஆபரேஷனும் செய்தோம். இரண்டு வருடத்தில் வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அவர் என்னைவிடத் தைரியசாலி. டிவி முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காதால் படம் பார்க்கப் பழகிவிட்டார். என் படம் வந்தால் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வர்ணனை கொடுப்பாள். அவள் கிருஷ்ணகிரிக்காரி.

"மாமா, இதோ வராரு. தொப்பி போட்டுக்கினு வராரு."

"பேசுதானா?"

"பேசறாரு மாமா, இப்பப் பேசறது அவருதான்."

அப்பா தலையைச் சாய்த்துக் கேட்பார். கொஞ்ச நேரம் கழித்து, "இது அவன் கொரலு இல்லலா" என்பார். அவ்வளவுதான். அதற்குமேல் நான் திரையில் தலைகீழாக நின்றாலும் அவருக்கு நான் அங்கே இல்லை.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "ஏல, அந்தப் போலீஸ்காரன் கொரலும் டாக்டர் கொரலும் ஒண்ணுதான? அந்தச் சித்தப்பனும் அவன்தான். என்னா ஏத்தம், என்னா எறக்கம்! அவந்தாம்ல நடிகன்."

கேட்டீர்களா அநியாயத்தை? பெற்ற அப்பா, என் முகத்துக்குப் பின்னால் ஒளிந்து பேசுகிற ஆளுக்கு ரசிகராகிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. புதுப் படம் கிடைத்திருக்கிறது என்று ஆசையாகச் சொன்னால், "என்ன வேசம்ல?" என்பார்.

"பொணம்பா."

"வசனம் உண்டுமா?"

கேலியாகத்தான் கேட்டார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று ராத்திரியே, ஒரே ஒரு வரியாவது என் குரலில் பேசி அவர் காதில் போட்டுவிட வேண்டும், அவர் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வரி வந்தது. உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு பழைய ஷெட்டைத் தொழிற்சாலையாக மாற்றிப் படம் எடுத்தார்கள். எனக்கு வாட்ச்மேன் வேஷம். தப்பி ஓடிவரும் கதாநாயகன் கேட்டைத் தட்டுவான், நான் உள்ளேயிருந்து அதட்டிவிட்டுத் திறக்க வேண்டும். தாளில், "யார் அது? யார் கதவைத் தட்டுவது?" என்று எழுதியிருந்தது. டைரக்டர் சின்ன வயதுக்காரர். "அண்ணே, எழுதினத விடுங்க. இந்த ஊரு வாட்ச்மேன் எப்படிக் கேப்பாரோ அப்படிக் கேளுங்க" என்றார்.

நானும் கேட்டேன். "இருப்பா, ஸ்வல்ப இரு, வரேன். சும்மா தட்டிக்கினே இருக்க, யாருப்பா அது?"

"ஸ்வல்பன்னா என்னண்ணே?"

"கொஞ்சம்னு அர்த்தம் சார்."

"அது கன்னடம் இல்லையா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரை எனக்கு அது தோன்றியதே இல்லை. நாற்பத்தாறு வருடமாக அதைத் தமிழ் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். யூனிட்டே சிரித்தது. டைரக்டர் மட்டும், "அப்படியே இருக்கட்டும், மாத்தாதீங்க" என்றார். எனக்கு அப்பாவைப் போல் பேச வராது, மனைவியைப் போலவும் முழுசாக வராது. எந்த ஊரிலும் சேராத என் பேச்சைக் கேட்டு ஒருவர் மாற்றாதே என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மாதங்கள் ஓடின. யாரும் கூப்பிடவில்லை. நானே போன் போட்டேன். "டப்பிங் நாளைக்குண்ணே. நீங்க அலைய வேணாம். எப்பவும் பேசற சார் பேசிருவாரு" என்றார் உதவி இயக்குநர். அந்த "எப்பவும் பேசற சார்" என்ற வார்த்தை என்னைக் கிளப்பிவிட்டது. சூப்பர்வைசரிடம் போய் லீவு கேட்டேன்.

"எதுக்குய்யா திடீர்னு?"

"சென்னை போயி ஒரு வரி பேசணும் சார்."

"போன்ல பேசிடு."

அவருக்குப் புரியவைப்பதற்குள் அரை மணி நேரம் போயிற்று. மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். கிருஷ்ணகிரி, ஆம்பூர், வேலூர் என்று வழி நெடுக அந்த டப்பிங் மனிதரிடம் போடப்போகும் சண்டையை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டுக்காரர் வாணியம்பாடியிலேயே எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

டப்பிங் அறையில், கழுத்தில் மப்ளரும் கையில் வெந்நீர் பிளாஸ்க்குமாக ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

"அய்யோ, நீங்களா!"

"என்னைத் தெரியுமா?"

"நல்லா கேட்டீங்க. உங்களுக்கு ஏழு படம் பேசியிருக்கேன் சார். வாக்கியம் முடியறதுக்கு முன்னாடியே வாய மூடிருவீங்க. மிச்ச வார்த்தைய எங்க வைக்கிறதுன்னு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உங்க பொண்டாட்டியவிட உங்க வாய நான் அதிகமாப் பாத்திருக்கேன்."

ஒத்திகை பார்த்த சண்டையில் ஒரு சொல்கூட வரவில்லை. அப்படியே உட்கார்ந்து அப்பாவின் கதையைச் சொன்னேன். அப்பா அவர் குரலுக்கு ரசிகரான கதையையும் மறைக்காமல் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு மப்ளரைச் சரிசெய்துகொண்டார். அப்புறம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் இன்ஜினியரிடம், "சார், இந்த ஸ்வல்ப எல்லாம் என் வாயில வராது. இவரே பேசட்டும்" என்றார். வராமல் என்ன? ஏழு படத்தில் ஏழு விதமாகப் பேசிய மனிதர்.

மைக் முன்னால் நின்றேன். கேன்டீன் கடைசி மேசைக்குக் கேட்கும்படி ஒரு போடு போட்டேன். இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுக் காதைத் தேய்த்தார். "மைக் உங்க மூக்குக்கு நேரா இருக்குங்க!" அடுத்த தடவை டாக்டர் போலக் குழைந்தேன். வாட்ச்மேன் ஆறுதல் சொல்வது போல் இருக்கிறது என்றார்கள். அதற்கடுத்து வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். ஒன்பதாவது தடவை வியர்த்துவிட்டது. என் வாயோடு என் குரல் சேரமாட்டேன் என்கிறது, இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

அவர் உள்ளே வந்து என் பின்னால் நின்றார். "எப்ப ஆரம்பிக்கணும்னு தோள்ல தட்டறேன். நீங்க நடிக்கவே நடிக்காதீங்க. உங்க வீட்டுக் கதவ யாரோ தட்டறாங்க, அவ்வளவுதான்."

தட்டினார். யாருப்பா அது என்று கேட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டை விரல் உயர்ந்தது. அவர் தன் பிளாஸ்க்கிலிருந்து எனக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். வெளியே வரும்போது உதவி இயக்குநர், "சந்தோஷமா போங்கண்ணே. ஆனா கடைசியில டைரக்டர் கேட்டுட்டு மாத்தினாலும் மாத்துவாரு" என்று ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார்.

அதனால் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. படம் ஓசூரில் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காலைக் காட்சிக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னேன்.

"என்னத்துக்குல? இருட்டுக்குள்ள ஒக்காந்து இருட்டப் பாக்கவா? இங்கனயே நல்ல இருட்டுதான்."

"ஏசி போட்டிருக்காங்கப்பா."

"அப்பம் வாரேன்."

எனக்கும் மனைவிக்கும் நடுவில் அவரை உட்கார வைத்தோம். மனைவி மெல்லிய குரலில் வர்ணனை சொல்ல, பின் சீட்டிலிருந்து இரண்டு முறை "உஸ்" வந்தது. இடைவேளை முடிந்தது. என் குரலை மாற்றியிருப்பார்களா? வேறு யாரையாவது கூப்பிட்டு ஒழுங்கான தமிழில் பேச வைத்திருப்பார்களா? கதாநாயகன் ஓடி வருகிறான். பூட்டிய இரும்புக் கேட். தட்டுகிறான். திரை முழுக்க அந்தக் கேட்தான், என் முகம் இன்னும் வரவில்லை. மனைவிகூட இன்னும் வாய் திறக்கவில்லை. கேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இருப்பா, ஸ்வல்ப இரு, வரேன். சும்மா தட்டிக்கினே இருக்க, யாருப்பா அது?"

"நாந்தாம்ல, ஒங்கப்பன். கதவத் தொற" என்றார் அப்பா, தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி.

தினமும் சாயங்காலம் அவர் டீக்கடைக்குப் போய்த் திரும்பி, கைத்தடியால் கதவைத் தட்டும்போது, உள்ளேயிருந்து நான் இதைத்தான் கேட்பேன். அவரும் இந்தப் பதிலைத்தான் சொல்வார். தியேட்டரே வெடித்துச் சிரித்தது. "தாத்தா, தொறந்துதான் இருக்குது, உள்ள வாங்க!" என்று யாரோ கத்தினார்கள். மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் கேட் திறந்து என் முகம் வந்தது, போனது. நான் அதைப் பார்க்கவில்லை.

அப்பா துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஏல, அது நீயால?"

"நாந்தாம்பா" என்றேன். அழுதுவிட்டேன், நாற்பத்தாறு வயதில், பாப்கார்ன் வாசனைக்கு நடுவில்.

அவர் பிடியை விடவில்லை. இன்னொரு கையால் கைத்தடியை நீட்டி முன் சீட்டைத் தட்டினார். அங்கே இருந்தவர் எரிச்சலோடு திரும்பினார். தன்னை யார் பார்க்கிறார்கள் என்று தெரியாத அப்பா, இருட்டைப் பார்த்துச் சொன்னார்: "இப்பம் பேசுனாம்லா, அவன் எம் மவன்."