அவசரம் போதாது

என் மேசை இழுப்பறையில் பழுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று கிடக்கிறது. பி.எட். படித்தபோது என் பயிற்சி வகுப்புகளைப் பின்பெஞ்சில் உட்கார்ந்து கவனித்த சக மாணவி, குறிப்பெழுதித் தந்த நோட்டு. நடுப்பக்கத்தில் பச்சை மையில் ஒரே வரி: ‘பிள்ளைகளுக்கு அவசரம் போதாது.’ அந்த வரி என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

நான் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்தவள். அவள் அந்த ஊரிலேயே பழவங்காடியில் வளர்ந்த தமிழ்ப் பெண். வீட்டில் தமிழ், படித்ததெல்லாம் மலையாளம். பேசுவது எந்த மொழி என்று அவளுக்கே சில நேரம் தெரியாது. தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் எங்கள் இருவருக்கும் பயிற்சி. ஏழாம் வகுப்புக்கு நான் மின்சுற்று நடத்தினேன். பேட்டரி, பல்பு, வயர் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி, நானே இணைத்து, நானே எரியவைத்து, நானே விளக்கமும் சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை. மாலையில் நோட்டைத் திறந்தால் இந்த வரி. பிள்ளைகளை இன்னும் விரட்ட வேண்டும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஒரு பாடத்தைப் பத்தே நிமிடத்தில் முடித்தேன். கேள்வியைக் கேட்டு, அவர்கள் மூச்சு விடுமுன் பதிலையும் சொல்லிவிட்டேன். வகுப்பே பேயறைந்ததுபோல் உட்கார்ந்திருந்தது. இரண்டு நாளில் செய்முறைத் தேர்வு; என் வகுப்பைப் பார்க்க வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார். அதில் தோற்றால் ஓராண்டு வீண். அழுகையும் கோபமுமாகத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏட்டி, அவசரம் போதாதுன்னு நீதான எழுதுன? இதுக்கு மேல எப்பிடி ஓடணும்?”

அவள் திருதிருவென விழித்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ, ஓடவா சொன்னேன்! அவசரம்னா சான்ஸ் டீ. பிள்ளைங்க செஞ்சு பாக்க நீ அவசரமே கொடுக்கல. அதல்லே எழுதினேன்?”

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். அங்கேயே பையிலிருந்து நோட்டை எடுத்து, சிவப்புப் பேனாவால் அவள் சொல்லை அடித்து, மேலே ‘வாய்ப்பு’ என்று திருத்தினேன். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

“சாதனமெல்லாம் அவங்க கையில கொடு. நீ கைய பின்னால கெட்டிட்டு நில்லு. எரியலைன்னாலும் பேசாத, கேட்டோ.”

தேர்வன்று இரண்டிரண்டு பேருக்கு ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஒரு துண்டு வயர் கொடுத்தேன். எரியவையுங்கள் என்றேன், அவ்வளவுதான். ஐந்து நிமிடம் ஒன்றும் எரியவில்லை. தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஓடிப்போய் வயரைத் தொடவைத்துவிட என் கை துறுதுறுத்தது. பின்பெஞ்சில் அவளும் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் நின்ற இடத்திலேயே நின்றேன். அப்போது, என் வகுப்பில் ஒருநாளும் வாய் திறக்காத ஒரு சிறுமியின் விரல்களுக்கிடையே பல்பு மினுங்கியது. “டீச்சர்!” என்று அவள் போட்ட சத்தத்தில் தேர்வாளரே எழுந்து போய்க் குனிந்து பார்த்தார். மற்ற பிள்ளைகள் அவளைச் சுற்றிக் கூடினார்கள். நான் சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தாள்.

தேர்வில் தேறினேன். தோழி இப்போது விதுராப் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறாள். பேச ஆயிரம் விஷயம் இருந்ததில் அவளுக்கு ஒரு நன்றிகூட நான் சொன்னதில்லை.

நான் திருவனந்தபுரத்திலேயே ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியை. போன வாரம் வகுப்பில் காந்தத்தை நானே பிடித்துக்கொண்டு விளக்கத் தொடங்கியிருந்தேன். முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: “டீச்சர், எனக்கும் ஒரு அவசரம் தாங்க.” அது வாய்ப்பு என்று திருத்த வாயெடுத்தேன். சட்டென்று நிறுத்தி, காந்தத்தை அவனிடம் கொடுத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மாலையில் அந்த நோட்டை எடுத்தேன். என் ‘வாய்ப்பை’ அடித்துவிட்டு, அவள் வரிக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு சரி போட்டேன்.