சஃபாரிக்குக் கூடாத கவர்கள்

பிள்ளைகளா, நீங்கள் எடுத்துக் கொடுத்த கென்யா சஃபாரி டிக்கெட்டோடு ஆக்லாந்து விமான நிலையத்தில் குழம்பிப்போய் நிற்கிறேன். நீலச் சட்டை அங்கே கடிக்கிற ஈயை இழுக்குமாம், வெள்ளை புழுதி தாங்காதாம். அதனால் எல்லாம் காக்கி. காட்டுக்குப் போகிற குட்டி விமானத்தில் பெட்டி ஏற்றமாட்டார்களாம், அதனால் துணிப்பை. லீவு கிடைக்காமல் கூட வராத உங்கள் அம்மா, நாளுக்கு ஒரு பிளாஸ்டிக் கவராகத் துணி அடுக்கி, மேலே எழுதியும் தந்திருக்கிறாள்.

கவுண்டரில் இருப்பவள் யாழ்ப்பாணத்துப் பெண்.

"அண்ணை, உள்ளுக்குள்ள பிளாஸ்டிக் பை இருக்கோ?"

"ஆமாம்மா, ஏழு இருக்கு."

"கென்யாவுக்கு அது கொண்டு போகேலாது. தடை."

"ஊசி போடச் சொன்னாங்க, போட்டேன். மாத்திரை வாங்கினேன். கவரைப் பத்தி யாரும் சொல்லலையே!"

"சிங்கம் பாக்கப் போற ஆள் கவருக்குப் பயப்பிடுறியள்," என்று சிரிக்கிறாள். "அந்தப் பக்கம் பெஞ்சில இருந்து எடுத்துப்போட்டு வாங்கோ."

பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கிறேன். வெளியே எடுத்தால் ஏழு சட்டையும் ஒரே மாதிரி இருக்கிறது. எது எந்த நாளுக்கு? கவரைக் குப்பையில் போட்டால் அம்மா எழுதியதும் போய்விடுமே.

பேனாவை எடுக்கிறேன். கவரைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு காலருக்குள்ளும் அவள் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்: "திங்கள். விடியல்ல குளிரும், ஸ்வெட்டர் போடுங்க."