பனியன் துணியில் ஒரு சொகுசுக் கூடாரம்

சொகுசுக் கூடாரத்தில் தங்குவதா, சாதாரணமாகத் தங்கினால் போதாதா என்று போன பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் பார்த்தவன் நான். அறுபதுகளின் நடுவில், ஆடி அமாவாசைக்கு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு திருமூர்த்தி மலைக்குப் போனோம்.

போனது என் அக்கா சரசுக்காக. அந்த மாசியில் அவளுக்குப் பிறந்த குழந்தை மூன்றாம் நாளே போய்விட்டது. அதிலிருந்து எங்கள் ஊர் மண்ணரையில் வீட்டை விட்டு அவள் வெளியே வரவில்லை. கேட்டதற்கு ஒரு 'உம்', அதோடு சரி. மலைக்குப் போய் முழுகிவிட்டு வந்தால் தேறிவிடுவாள் என்றாள் அம்மா. அக்கா மாட்டேன் என்று சொல்லவில்லை. அதுவே பெரிசு என்று கிளம்பினோம்.

அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தங்கமான மனுஷன், ஆனால் எதையும் அளவோடு செய்யத் தெரியாது. மலைக்குப் போகிறவர்கள் வண்டிக்கடியில் வைக்கோலைப் பரப்பி, மேலே சாக்கை விரித்துப் படுப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். "அவ இருக்கற இருப்புல வண்டிக்கடியில படுக்க வெக்க முடியுமா மாப்ள?" என்றார் மச்சான். கம்பெனியில் மிஞ்சிய வெள்ளைப் பனியன் துணியை நாலு மடிப்பாகப் போட்டு, ஒரு கூடாரமே தைத்துவிட்டார். அது போதாதென்று மடக்குக் கட்டில், மெத்தை, கொசுவலை, பெட்ரோமாக்ஸ், பிளாஸ்க்கில் காப்பி. மாடுகள் பாவம், எல்லாவற்றையும் இழுத்தன.

விடியற்காலை நாலு மணிக்கு அக்கா, மச்சான், நான் மூன்று பேரும் புறப்பட்டோம். பல்லடம், உடுமலை வழியாக நாற்பது மைலுக்கு மேல் இருக்கும். நடுவில் ஒரு சத்திரத்தில் தங்கி, மறுநாள் மூன்று மணிக்கு மலையடிவாரம் சேர்ந்தோம். தண்ணி வேணுமா, தலகாணி வேணுமா என்று வழியெல்லாம் மச்சான் விசாரித்துக்கொண்டே வந்தார். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

கோயிலை ஒட்டி ஆற்றங்கரை முழுக்க வண்டிகள். எங்கள் கூடாரம் எழும்பியதும் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. பக்கத்து வண்டிக்காரர் பொங்கலூர் விவசாயி. துணியைத் தொட்டுப் பார்த்து, "ஏனுங்க, மாப்பிள்ளை ஊட்டுக் கல்யாணப் பந்தலுங்களா இது?" என்றார். மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா உள்ளே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சாரல் பிடித்தது. ஆடியில் மலையடிவாரத்தில் வேறென்ன செய்யும்? பின்னல் துணி தண்ணீர் குடித்தால் இழுபட்டுத் தொங்கும். கொடியில் பனியன் காயப்போட்ட யாருக்கும் இது தெரியும், பனியனிலேயே பிழைத்த எங்களுக்கு மறந்துவிட்டது. கூரை மெல்ல இறங்கிக் கட்டிலைத் தொட்டது. ஒரு முளை பிடுங்கிக்கொள்ள, மொத்தமும் அக்கா மேல் விழுந்தது. மச்சான் உள்ளே புகுந்து அவளை இழுத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க சாமி, இங்க நனையாதுங்க" என்று பொங்கலூர்க்காரர் தன் வண்டிக்கடியில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். சூடாக ரசம் சோறும் வந்தது. வைக்கோல் மேல் மூன்று பேரும் குறுகி உட்கார்ந்தோம். மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். "இத்தன வருசமா இந்தத் துணியிலயே கெடக்கறேன். எனக்குத் தோணலயே."

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள் அக்கா.

மச்சான் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க தெக்கறப்பவே தெரியுமுங்க, தண்ணி பட்டா தொங்குமுன்னு. ஆசையாத் தெச்சீங்க. எப்படிங்க சொல்றது?"

மாசிக்கப்புறம் அவள் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான். மச்சான் அழுதுவிட்டார். நானும்தான், சொல்வதற்கென்ன வெட்கம். அவள் எதையும் கவனிப்பதே இல்லை என்றல்லவா நினைத்திருந்தோம். மறுநாள் முழுகி எழுந்ததும், இன்னொரு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று சொன்னது அவள்தான்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கூடாரம் கொண்டுபோனால் கித்தான் துணியில் கொண்டுபோங்கள். ஆற்றோரம் வேண்டாம், மேடாகப் பார்த்து அடியுங்கள். வைக்கோல் கிடைத்தால் விடாதீர்கள், குளிருக்கு மெத்தை கிட்டே வராது. கட்டிலும் கொசுவலையும் வீண் என்று சொல்ல மாட்டேன், முடியாதவர்களுக்குச் சொகுசு வேண்டியதுதான். ஆனால் யாருக்காகச் செய்கிறீர்களோ, அவரை முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஐந்து மாதமும் அக்காவுக்காக நாங்கள் எல்லாம் செய்தோம். தண்ணி, தலகாணி தவிர அவளிடம் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.