உருளைக்கு ஒரு மூடி

மலேசியாவில், ஈப்போ நகரை அடுத்த லகாட்டில் நான் வேலை செய்யும் ரப்பர் பாய்த் தொழிற்சாலையில், வேலை வேகமாக நடக்கட்டும் என்று உருளைகளின் பாதுகாப்பு மூடியை முதலாளி கழற்றச் சொன்னார். அடுத்த வாரமே, பக்கத்தில் நின்று வேலை செய்த அக்காவின் இரண்டு விரல்கள் போயின.

"கம்பெனிய அரசாங்கமே எடுத்துக்கணும்லா," என்றார் கூட வேலை செய்யும் ஒருவர். "வாய மூடு மச்சான், அவன் பூட்டிட்டுப் போயிருவான்," என்றார் மற்றவர். முன்பு ரப்பர் தோட்டத்தை அதன் முதலாளி விற்றதில், அங்கே குடியிருந்த வீட்டை இழந்தவன் நான். இன்று சோறு போடுவதும் ஒரு முதலாளிதான். இரண்டு பேச்சும் எனக்கு அலுத்துவிட்டது.

ஈப்போவிலுள்ள தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தேன். அதிகாரி வந்து, மூடியை மாட்டிய பிறகே இயந்திரத்தை ஓடவிட்டார். தொழிற்சாலை நடக்கிறது, லாபமும் வருகிறது.

"முன்னாடியே போயிருக்கலாம்ல தம்பி," என்றார் அக்கா.

அந்த அலுவலகம் இருப்பது எனக்கு முன்பே தெரியும்.