கதையில் வந்த அண்ணன்

என் மகளின் பள்ளியில் ஆங்கிலம் நன்றாக வருகிற பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு உண்டு. இந்தக் கோடை விடுமுறையில் படிக்கச் சொல்லி அவர்களுக்கு ஒரு பழைய ஆங்கில நாவலைக் கொடுத்திருந்தார்கள். பள்ளி திறந்ததும் எழுந்து நின்று கதையைச் சொல்ல வேண்டுமாம். நான் ஐந்தாவதோடு நின்றவன். புத்தகத்தின் பெயரே எனக்கு வாயில் நுழையவில்லை.

செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறேன். கோடை வெயில் ஏறியதும் அங்கே தங்கும் வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வேலை கம்மி. சாயங்காலமே வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து உட்கார்ந்துவிடுவேன். அன்றைக்குப் படித்ததை மகள் எனக்குத் தமிழில் சொல்லிப் பழகுவாள். எனக்குப் பேசத்தான் கூச்சம். கேட்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.

ஆனால் மனசு கதையில் முழுதாக நிற்கவில்லை. கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் அக்கா, பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும்போது தன் மகனுக்கு என் மகளைப் பேசி வைத்துவிடலாம் என்று சொல்லியிருந்தாள். படிப்பு முடிந்த பிறகுதான் கல்யாணம், இப்போது வாக்கு மட்டும். பையன் நல்லவன், சொந்த வேன் ஓட்டுகிறான். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகளுக்கு விஷயம் தெரியும். அவளை யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் மகள், கதையில் வருகிற பெண்ணை வீட்டார் அவளுடைய அண்ணனுக்கே கட்டி வைக்கப் பார்க்கிறார்கள் என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணனுக்கா? என்னம்மா கதை இது?"

"கசின்னு போட்டிருக்குப்பா. அத்தை பையனும் கசின்தான், சித்தப்பா பையனும் கசின்தான். அவங்களுக்கு ரெண்டும் ஒரே வார்த்தை."

"அப்ப முறைப் பையனாக்கூட இருக்கலாம். நீ ஏன் அண்ணன்னு சொன்ன?"

புத்தகத்தை மூடினாள். "சின்னதுல இருந்து கூடவே வளர்ந்தவன்பா. அந்தப் பொண்ணுக்கு அப்படித்தான் தோணுது."

லீவுக்கு லீவு அக்கா வீட்டில்தான் இவளும் வளர்ந்தாள். இவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அந்தப் பையன்தான். கதையில் அந்தப் பெண்ணின் அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அவரு ஒண்ணும் சொல்லலப்பா. பேசாமயே இருக்காரு."

பௌர்ணமியன்று அக்கா பூவும் பழமும் வைத்த தட்டோடு வந்தாள். மகள் மாடிக்குப் போய்விட்டாள். என் மனைவி காபி போடப் போனாள். தட்டை அக்கா என் பக்கம் நகர்த்தினாள். எனக்குக் கை வரவில்லை. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "அக்கா, அது அவன அண்ணனாத்தான் நெனைக்குது" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தாள். "என் வயித்துல பொறந்தவன் உன் பொண்ணுக்கு அண்ணனாடா? முறையவே மாத்திட்டியா?"

காபியைத் தொடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு, தனியாகவே கிரிவலம் கிளம்பிப் போனாள். திரும்பும் வழியில் வருவாள் என்று விடியும் வரை கதவைத் தாழ் போடாமல் வைத்திருந்தோம். வரவில்லை.

மகள் நாவலை முடித்துவிட்டாள். வகுப்பில் சொல்வதற்கு இப்போது தனியாக மாடியில் நடந்தபடி ஆங்கிலத்தில் பழகுகிறாள். நடுநடுவே 'கசின்' என்ற சொல் மட்டும் கீழே எனக்குப் புரிகிறது. போனை எடுத்து அக்காவின் நம்பரைப் பார்க்கிறேன். என்ன முறை சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல் வைத்துவிடுகிறேன்.