பூட்டுக்கு அடியில் ஒரு தழும்பு

எங்கள் கடையில் பழைய நகைகளுக்குக் காலம் கணித்தவரை நாங்கள் 'முதுகுக்காரர்' என்றே அழைத்தோம். மேலாடையில் குத்தும் ப்ரோச் எதுவாயினும், முகப்பைப் பாராமல் முதலில் திருப்புவார். பூவேலைப்பாட்டை எவரும் பார்த்துச் செய்துவிடலாம்; பின்புறத்து ஊசிக்கும் கொக்கிக்கும் வயதை மறைக்கத் தெரியாது என்பது அவர் கொள்கை. வெறும் வளைந்த கொக்கி என்றால் பழையது. ஊசி கழன்றுவிடாதபடி பூட்டு இருந்தால் பிந்தையது.

"பொண்ணு பார்க்கப் போனப்பவும் திரும்பி நிக்கச் சொன்னாராம்" என்பார் முதலாளி. முதுகுக்காரர் சிரிக்கமாட்டார்.

ஒருநாள் மதிய உணவு கொண்டுவந்த அவருடைய அக்கா, மேசைமேல் கிடந்த இலை வடிவ ப்ரோச்சைக் கண்டதும் பாத்திரத்தைத் தரையிலேயே வைத்துவிட்டார். முந்தின நாள் பழம்பொருள்களோடு வந்தது அது. மாலைக்குள் காலம் எழுதிய அட்டையுடன் விற்பனைக்குப் போக வேண்டியது.

"டேய், இது அம்மாவோடது! வீடு மாத்தினப்போ தொலைஞ்சுதே, அதேதான்."

"இல்லக்கா. அம்மாவோடதுல வெறும் கொக்கி. ஊசி வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும், தூக்கினா நம்மளக் குத்தும். இதுல பூட்டு இருக்கு பாரு."

"பூட்டை விடுடா. காம்புகிட்ட நசுங்கியிருக்கு பாரு. பல்லு முளைச்சப்ப நீ கடிச்சது!"

"எல்லா வீட்லயும்தான் பிள்ளைங்க கடிக்கும்."

உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்தினார். கீல் பழையது, ஊசி புதியது, பூட்டு அதைவிடப் புதியது. பூட்டுக்கு அடியில், முன்பிருந்த கொக்கியைப் பற்றவைத்த தழும்பு தெரிந்தது. யாரோ மாற்றியிருக்கிறார்கள். அப்படியானால் இது அம்மாவுடையதாகவும் இருக்கலாம்; அதே அச்சில் வார்த்த எத்தனையோ இலைகளில் ஒன்றாகவும் இருக்கலாம். பிறகு, வழக்கத்திற்கு மாறாக, முகப்பைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். அதிலும் ஒன்றும் விளங்கவில்லை.

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லேண்டா."

"தெரியலக்கா."

"அப்ப இல்லைன்னாவது சொல்லு, நான் கிளம்புறேன்."

"அதுவும் தெரியல."

உணவு ஆறிப்போயிற்று. இருவரும் தொடவில்லை.

மாலையில் முதலாளி அட்டையைக் கேட்டார். காலம் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. ப்ரோச்சோ அக்காவின் தோளில் ஏறி வீடு போய்விட்டிருந்தது.

"நானே வாங்கிக்கிட்டேன் முதலாளி."

"அப்ப உங்கம்மாவோடதுதான்?"

"தெரியல. இனி அக்காவோடது. அதுல மட்டும் சந்தேகமில்ல."